பனங்கொட்டையின் கட்டுச்சோறு

பொங்கல் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பனங்கிழங்கு ஒவ்வொன்றும் ஒரு பனங்கன்று. முதல் ஓலை வெளியே வருவதற்குள் தன்னைச் சுற்றி மாவைச் சேர்த்துக்கொண்டு, வரப்போகும் கோடையை மண்ணுக்குள்ளிருந்தே தாண்டிவிடத் தயாராகும் கன்று. அதைத்தான் தோண்டி, அவித்து, நார் உரித்துத் தின்கிறோம்.

அந்த மாவு எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. நுங்காக இருந்தபோது இளகிக் கிடந்த உணவு, பழம் கனிந்து விழும் ஆடி, ஆவணிக்குள் பல் இறங்காத அளவுக்கு இறுகிவிடுகிறது. கொட்டை முளைக்கும்போது முளையின் ஒரு பகுதி ஓட்டுக்குள்ளேயே தங்கி, மெத்தென்று பருத்து, அந்த இறுகிய உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. கொட்டையை வெட்டி நாம் எடுத்துத் தின்னும் தவுண் அதுதான். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். கன்றாகப் போகும் மறுபகுதியோ ஒரு குழாயின் நுனியில் அமர்ந்து நேராகக் கீழே இறங்குகிறது. மண் இளகியிருந்தால் ஒரு முழம்கூடப் போகும். போய்ச் சேர்ந்த பிறகுதான் வேர் கீழ்நோக்கியும் ஓலை மேல்நோக்கியும் புறப்படும். மேலே கிடக்கும் கொட்டையிலிருந்து குழாய் வழியாக உணவு இறங்கிக்கொண்டே இருக்கும். ஓலை வெயிலைப் பார்ப்பதற்குள் கொட்டையில் இருந்ததில் பெரும்பகுதி கீழே இடம் மாறியிருக்கும்.

இவ்வளவு பெரிய விதையைப் பனை ஏன் செய்கிறது? அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை பனங்கொட்டையையும் ஆலம்விதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆலின் பக்கம் தீர்ப்புச் சொன்ன நூல். வளர்ந்த மரத்தின் நிழலை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. முளைத்த முதல் ஆறு மாதத்தை வைத்துப் பார்த்தால் பனைதான் ஜெயிக்கும். விதைக்குள் இருக்கும் மாவும் எண்ணெயும் புரதமும் தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. இலை பச்சை பிடித்துச் சொந்தமாக உணவு சமைக்கும்வரை கன்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆலம்விதையில் அது ஒரு துளி. அதனால் ஈரமும் வெளிச்சமும் கைகூடிய இடத்தில் மட்டுமே, கோயில் கோபுர இடுக்கிலோ பனையின் மட்டை இடுக்கிலோ, ஆலங்கன்று தப்பிப் பிழைக்கிறது. லட்சக்கணக்கில் விதைத்து ஒன்றிரண்டைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அதனுடையது. பனை கொஞ்சமாகப் பெற்று, நிறையக் கொடுத்து அனுப்புகிறது.

தாவர உலகம் முழுக்க இந்தக் கணக்குதான். ஆர்க்கிட் விதைகள் தூசி மாதிரி; சேமிப்பே இல்லாததால் மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். இன்னொரு கோடியில் பனையின் நெருங்கிய உறவான செஷல்ஸ் தீவு இரட்டைத் தேங்காய், உலகிலேயே கனமான விதை. ஒரு விதை 15 கிலோவைக்கூடத் தாண்டும். நடுவில் இருப்பவை எல்லாம் இவற்றுக்கிடையே பேரம் பேசுபவை. சிறு விதைக் கன்றுகள் தொடக்கத்தில் தம் எடையை வேகமாகப் பெருக்கும். ஆனால் நிழல் விழுந்தாலோ, மண் மூடினாலோ, ஆடு ஒரு கடி கடித்தாலோ எழுந்திருக்கச் சேமிப்பு இருக்காது. பெரு விதைக் கன்று நிதானமாக வளரும், அடி வாங்கினாலும் மறுபடி துளிர்க்கும். ஒரே பயிருக்குள்ளும் இந்த வித்தியாசம் உண்டு. உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, அதே கரைசலில் விதைநெல்லைக் கொட்டி, மிதப்பதை ஒதுக்கி மூழ்கியதை மட்டும் நாற்றங்காலுக்கு எடுக்கும் விவசாயி செய்வது இந்தத் தேர்வைத்தான்.

இத்தனையும் தெரிந்த ஊரில் விதைப்பந்துகள் மலைச்சரிவில் வீசப்படுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. களிமண்ணும் மக்கிய எருவும் சேர்த்து உருட்டிய பந்துக்குள் எந்த விதை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எரு தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும். கன்று முதல் இலை விடும்வரை அதற்கு வேண்டிய மாவை எருவால் தர முடியாது. சின்ன விதை ஒரு மழைக்கு முளைக்கும், வேர் பந்தைத் துளைத்துப் பாறை மண்ணைத் தொடுவதற்குள் சேமிப்பு தீரும், அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். கனமான விதையைப் போட்டால் வேறு சிக்கல். வேப்பங்கொட்டை சில மாதங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். மா, பலா, நாவல் விதைகள் காய்ந்தாலே செத்துவிடும். ஆனியில் பொறுக்கி, அடுத்த ஆண்டு விழாவுக்காக மூட்டையில் கட்டி வைத்த விதை வெறும் ஓடு. பந்து வீசும் குழந்தைகளுக்கு மரத்தின் மேல் ஆசை வருகிறதே, நூற்றில் ஒன்று பிழைத்தாலும் லாபம்தானே என்பவர்கள் இருக்கிறார்கள். ஆசை வரட்டும். அந்த ஒன்றாவது பிழைத்ததா என்று மறு ஆண்டு போய்ப் பார்க்க வேண்டாமா?

பனை நடுவதிலும் இதே குறை இருப்பதுதான் என் கவலை. ஏரிக்கரைகளிலும் கடலோரத்திலும் பனங்கொட்டை நடும் வேலை சில ஆண்டுகளாக உற்சாகமாக நடக்கிறது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் கொட்டை பெரிது, தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கடப்பாரையால் ஒரு குத்து குத்தி, கொட்டையைப் போட்டு மூடிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பனங்கிழங்குக்காகப் பாத்தி போடுபவர்களைப் பாருங்கள்: மணலும் மண்ணும் கலந்து, இளக்கி, மேடாக்கிய பிறகுதான் கொட்டையை அடுக்குகிறார்கள். குழாய் தடையில்லாமல் இறங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாலு மாதத்தில் தோண்டித் தின்னப் போகிறவர் எடுக்கும் சிரத்தையை, நூறு ஆண்டு நிற்க வேண்டிய மரத்துக்கு நாம் எடுப்பதில்லை. இறுகிய கரையில் குழாய் முட்டி நின்றால் குருத்து மேலாகவே தங்கிவிடும். கோடையில் புல்லுக்கு வைக்கும் தீயும் ஈரமற்ற மேல்மண்ணும் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஆழமாக இறங்கிய கன்றுக்கும் சேமிப்பு அளவோடுதான். தீயில் ஓலை கருகினால் கிழங்கிலிருந்து எடுத்து இன்னொரு ஓலை விடும். மறுபடி ஆடு மேய்ந்தால் மறுபடியும் எடுக்கும். மண்ணுக்கு மேலே தண்டு தெரியவே பல ஆண்டுகள் ஆகும் மரம் இது. பாளை விட 12, 15 ஆண்டுகள்கூட ஆகும். கரையைச் சீர்செய்ய வரும் பொக்லைன் எந்திரத்தின் கண்ணுக்கு இந்த ஒற்றை ஓலை புல்லாகத்தான் தெரியும்.

தேரிக்காட்டு மணலில் கொட்டை விழுந்த இடத்திலேயே வேலையைப் பார்த்துக்கொள்ளும்; அங்கே நம் உதவி குறைவாகவே போதும். செம்மண்ணும் களியும் இறுகிய ஏரிக்கரைக்கு அது பொருந்தாது. ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, மண்ணை இளக்கி, மணல் கலந்து நிரப்பி, அதன் மேல் கொட்டையை வைக்க வேண்டும். அந்த ஆண்டு விழுந்த பழத்தின் கொட்டையாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதாகப் பொறுக்க வேண்டும். நட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கல்லோ குச்சியோ ஊன்ற வேண்டும். எத்தனை லட்சம் நட்டோம் என்ற கணக்கை நட்ட அன்று சொல்லாமல், மூன்றாவது கோடை முடிந்த ஆனி மாதத்தில் கரையில் நடந்து, உயிரோடு நிற்கும் ஓலைகளை எண்ணிச் சொன்னால் அந்த எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நான் நம்புவேன்.