பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடங்கள் – 7: வைகறை ஜீப்புகள்

சென்ற வாரம் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருந்தேன். முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதன் குறுக்கே மற்றொரு சாய்கோடு, வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஓர் எழுத்து என்று ஒரு வகுப்பின் ஓராண்டு ஜீவிதத்தையே அகன்ற தாள்களில் அடக்கிவிடுகிற அந்தப் புத்தகத்தை முப்பது ஆண்டுக்காலம் கையாண்டவன் நான். ஆயினும், காலை ஒன்பதரை மணிக்கு நான் சிவப்பு மையில் எழுதிய எழுத்து விடியற்காலை ஐந்து மணிக்கே எழுதப்பட்டுவிட்டது என்கிற உண்மை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், ஒரு மார்கழி வைகறையில் தேனி மாவட்டத்துக் கூடலூர்க் கடைத்தெருவில் நின்றபோதுதான் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றி, கையில் சோற்றுத் தூக்குவாளியோடு பெண்கள் இருட்டில் தெருத்தெருவாக வந்து சேர்கிறார்கள். ஜீப்புகள் அவர்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப்பைக் கடந்து, மலைப்பாதையில் குமுளிக்கு ஏறி, வண்டன்மேடு முதலிய இடங்களின் ஏலத்தோட்டங்களை நோக்கி விரைகின்றன. ஏலக்காய் முற்றும் பருவம் ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீள்வது. பள்ளியாண்டின் நடுப்பகுதி முழுவதும் காயெடுப்புக் காலமே. மலையின் மேலே கேரளம், கீழே தமிழகம். தாய் மேலே, பிள்ளை கீழே. அந்தி சாயும் நேரத்தில்தான் இருவரும் ஒருவரையொருவர் காண்கிறார்கள்.

பள்ளத்தாக்கின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியனாயிருந்த ஆண்டில், கணக்கில் கெட்டிக்காரியான ஒரு சிறுமி, ஐப்பசி பிறந்தது முதல் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு ஒரு நாள் என்று வரத்து குறைந்து, ஒரு கட்டத்தில் முற்றிலும் நின்றுவிட்டாள். வந்த நாட்களில் அவளை நான் நிற்கவைத்துக் கடிந்துகொண்டேன். வராத நாட்களில் சிவப்பு மையால் நிரப்பினேன். மூன்று வாரம் சென்ற பிறகே அவள் வீட்டைத் தேடிப் போனேன். வாசற்படியில், ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில், அடுப்பிலிருந்த கஞ்சியைக் கிளறிய கரண்டியோடு நின்றாள்.

"ஏன் தாயி, பள்ளிக்கூடத்துப் பக்கமே காணோம்?"

"அம்மா மலைக்குப் போயிருது சார். அப்பத்தா இருந்துச்சு, பாத்துக்கிருச்சு. இப்ப இவனைப் பாக்க ஆளு இல்ல சார்."

கிழவி ஐப்பசியில் காலமாகியிருந்தாள். ஒரு வீட்டில் நேர்ந்த மரணம் என் பதிவேட்டில் ஒரு சிறுமியின் சோம்பலாக ஏறியிருந்தது. அவளைக் கடிந்துகொண்ட சொற்களில் ஒன்றையும் என்னால் இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை.

பெயர் எழுதிப் புள்ளியிடும் வழக்கம் இந்தப் பிரதேசத்துக்குப் பள்ளிக்கூடத்தினால் மட்டும் வந்ததன்று. வெள்ளையர் ஆட்சியில் குற்றப்பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது சுமத்தப்பட்டபோது, வயதுவந்த ஆண்கள் ரேகை பதித்து, இரவுதோறும் காவலர் கண்பார்வையில் தங்கள் இருப்பைக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. அதை எதிர்த்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். அந்தச் சட்டத்தை ஒட்டி வந்த சீர்திருத்த ஏற்பாட்டின் கிளையாகத்தான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் தோன்றின. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடந்துவருகின்றன. அவற்றினால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ரத்தாயிற்று. ஆயினும், பதிவேட்டில் பெயர் விடுபட்டால் அதிகாரி வருவார் என்கிற அச்சம் ஒரு தலைமுறையோடு அழிந்துவிடுவதில்லை. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகிற ஆசிரியர் விசாரிக்க வந்தவராகத் தோன்றுகிறாரா, நலம் கேட்க வந்தவராகத் தோன்றுகிறாரா என்பதில் பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்ததில் தண்டனையைக் காட்டிலும் சோறு வென்ற வரலாறு நம் மாநிலத்துக்கே உரிய பெருமை. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவளிக்கத் துணிந்தது, 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவு. மலைக்குப் போகிற தாய், நாலு மணிக்கு எழுந்து தன் தூக்குவாளியை நிரப்புவதே பெரும்பாடு. பிள்ளை கண்விழிக்கும்போது வீட்டில் சூடான உணவு இருப்பது அரிது. ஆகையால், பள்ளியில் ஆவி பறக்கக் காத்திருக்கும் உப்புமாவும் பொங்கலும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் இத்திட்டம் நடந்த 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியதாக அரசு தெரிவித்தது. அதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

ஆனால், அந்த உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். என் மாணவியோ ஏழாம் வகுப்பு. அன்றியும் அவளைத் தடுத்தது தன் பசியன்று, தம்பியின் பிராயம். இடுப்பில் இருக்கும் குழந்தையை எந்தப் பந்தியிலும் உட்காரவைக்க இயலாது. அங்கன்வாடியின் கதவோ பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் திறக்கும். ஜீப் அதற்குள் மலையேறியிருக்கும்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஏலத்தோட்டமும் அதன் வரம்புக்குள் வந்தது. ஆனால் அச்சட்டத்தை இயற்றியவர்கள் மனத்தில் கொண்டவள், தோட்டத்து லயத்திலேயே குடியிருந்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கும் தொழிலாளி. விடியலில் ஒரு மாநிலத்தில் எழுந்து, மற்றொரு மாநிலத்தில் காயெடுத்து, இரவில் முந்தைய மாநிலத்துக்கே உறங்கத் திரும்புகிறவளை அவர்கள் கண்டாரில்லை. நெருக்கி ஏற்றிய ஜீப்பில், மலை வளைவுகளில், கைக்குழந்தையை எந்தத் தாய்தான் தூக்கிச் செல்வாள்? காப்பகம் மலையில் இருந்தாலும் அவளுக்கு அது எட்டாது; அது கூடலூரில், அவள் தெருவில், விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்க வேண்டும். நகராட்சியோ, அரசோ, தோட்டக்காரர்களோ யாரேனும் செய்யட்டும். இதைத் தவிர வேறெந்த உபாயமும் எனக்குத் தெரியவில்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்த பிறகு எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது. நல்ல சட்டம். ஆனால் பெயர் இருப்பதும் பிள்ளை இருப்பதும் ஒன்றாகிவிடா. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்ற செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. அவர்களிற் பெரும்பாலோர் தேர்வன்று காலையில் காணாமற்போனவர்கள் அல்லர். கொரோனாக் காலத்திலிருந்தே வேலைக்குப் போய்விட்டவர்கள், மணமாகிவிட்டவர்கள். அவர்கள் பெயர்கள் மட்டும் பதிவேடுகளில் ஆண்டுக்கு ஆண்டு வகுப்பு ஏறிக்கொண்டே வந்திருந்தன.

என் மாணவிக்கு என்னால் ஆனது சிறிது. தலைமையாசிரியை ஓர் உதார குணமுள்ள அம்மையார். நான் சென்று சொன்னதும் சற்றே யோசித்து, "அந்தப் பயலையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க சார், இன்ஸ்பெக்ஷன் வந்தா நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாள் முதல் இருவரும் வந்தார்கள். கரும்பலகைக்கு எதிரில், கோரைப் பாயில், அக்காளின் தாவணி முந்தியைப் பற்றிக்கொண்டே அவன் உறங்குவான். பின்னம் நடத்துகிற நாட்களில் நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அவள் பெயருக்கு நேரே அவ்வாண்டு முடியும் வரை சாய்கோடுகளே விழுந்தன.

லோயர் கேம்ப்பை ஒட்டிய பளியன்குடியிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளைப் பற்றி அடுத்த வாரம்.