மலைச் சாலையும் மாற்று வழியும்

சாலைகள் ஒரு நாட்டின் நரம்புகள் என்று மேடைகளிலே பேசக் கேட்டிருக்கிறோம். சமவெளியில் வாழ்வோர்க்கு அஃது ஓர் உவமை, அவ்வளவே. அவர்கள் ஊரில் ஒரு சாலை அடைபட்டால் அடுத்த சாலை வழியே போய்விடலாம். மலையில் வாழ்வோரின் நிலை வேறு. அங்கே ஒரு சாலை அடைபட்டால் அரிசி வராது, அஞ்சல் வராது, நோயாளி மருத்துவமனைக்குப் போக இயலாது. ஆகவே மலைநாட்டில் ஒரு சாலை எவ்வழியே செல்கிறது, எங்கெங்கே கிளை பிரிகிறது, அதற்கு மாற்று எது என்ற கேள்விகள் பொறியாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. குடிமக்கள் அனைவர்க்கும் உரியவை.

நான் சின்னக்கானலைச் சேர்ந்தவன். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அண்மையில், தேயிலையும் ஏலமும் விளையும் ஊர் அது. என் முன்னோர் போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து தோட்ட வேலைக்காக மலையேறியவர்கள். இங்கே நிலவியலில் எம்.எஸ்ஸி. பயிலும் என்னை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், “உங்கள் ஊருக்கு எவ்வழியாகப் போவது?” என்று மன்றத்து நண்பர்கள் கேட்பதுண்டு. “எந்த மாதத்தில்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்காக அப்படிக் கேட்கவில்லை என்பதை விளக்கவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் வழியே செல்வது தேசிய நெடுஞ்சாலை 85. கொச்சிக் குண்டன்னூரில் தொடங்கி மூணாறு, போடிநாயக்கனூர், தேனி, உசிலம்பட்டி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டியை அடைகிறது. அரபிக்கடலோரத்தையும் வங்கக் கடலோரத்தையும் இணைக்கும் சாலை எனலாம். முன்பு இதன் எண் 49. அப்போது மதுரைக்குக் கிழக்கே அது இராமேசுவரம் நோக்கிச் சென்றது. 2010-ஆம் ஆண்டில் நாடெங்கும் நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டன. புதிய முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. கிழக்கு மேற்காகச் செல்லும் பெருஞ்சாலைகள் ஒற்றைப்படை எண் பெறும். வடக்கிலிருந்து தெற்கே வரவர அவ்வெண் பெருகும். வடக்குத் தெற்காகச் செல்பவை இரட்டைப்படை எண் பெறும். மூன்று இலக்கமாயின் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் காட்டும். அடிமாலியில் பிரிந்து குமுளிக்குச் செல்லும் சாலை 185 எனப்படுவது, அது 85-இன் கிளை என்பதனால்தான்.

இனிக் கேரளத்துக்குள் இச்சாலை செல்லும் வழியைக் காண்போம். கொச்சியிலிருந்து திருப்பூணித்துறை, கோலஞ்சேரி வழியாக மூவாற்றுப்புழை. அங்கே திருவனந்தபுரம் செல்லும் எம்.சி. ரோடு சந்திக்கிறது. பின்னர்க் கோதமங்கலம். அதற்கப்பால் நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. காட்டினூடே ஏறி, சீயப்பாறை, வாளறை அருவிகளைத் தாண்டி அடிமாலி. அங்கே குமுளிக் கிளை பிரிகிறது. அடுத்துப் பள்ளிவாசலை ஒட்டி ஆனச்சால், குஞ்சித்தண்ணி, ராஜாக்காடு பக்கம் செல்லும் வழி பிரிகிறது. பின்பு மூணாறு, இங்கிருந்து வடக்கே மறையூர் வழியாக உடுமலைக்கு ஒரு சாலையும், கிழக்கே மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சாலையும் உண்டு.

மூணாற்றிலிருந்து எல்லையிலுள்ள போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர். தேவிகுளம் தாண்டியதும் மலைமுகட்டின் ஓர் இடைவெளியில் சாலை நுழைகிறது. அதைக் கேப் ரோடு என்றே எங்கள் மக்கள் கூறுவர். அதைக் கடந்தால் பெரியகானல், பின்பு சின்னக்கானல். சூரியநெல்லிக்குக் கிளை பிரிவது எங்கள் ஊரில்தான். அப்பால் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் கரையோடு சென்று பூப்பாறை. பூப்பாறை சிறிய ஊர். ஆயினும் பெரிய சந்திப்பு. ராஜகுமாரி, ராஜாக்காடு செல்வோர் ஒரு பக்கம் பிரிகின்றனர். சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளி செல்வோர் மற்றொரு பக்கம் பிரிகின்றனர். நேரே சென்றால் போடிமெட்டு, அதன்பின் தமிழ்நாடு.

ஏன் இச்சாலை இத்தனை வளைகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலைச் சாலையில் 20 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. அதற்கு மிகுந்தால் பாரம் ஏற்றிய லாரி திணறும். இறங்கும்போது பிரேக் சூடேறும். போடி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது; போடிமெட்டு ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேறுபாடு 1,000 மீட்டர். மேற்சொன்ன அளவில் ஏற வேண்டுமாயின் குறைந்தது 20 கிலோமீட்டர் நீளம் தேவை. ஆனால் அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு அதில் ஏறத்தாழப் பாதிதான். எஞ்சிய நீளத்தை எங்கிருந்து பெறுவது? மலைச்சரிவிலேயே மடித்து மடித்துப் பெற வேண்டும். அம்மடிப்புகளே கொண்டை ஊசி வளைவுகள். போடி மலைப்பாதையில் அவை 17. நீளத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கும் பண்டமாற்று அது.

மலைச் சாலையின் போக்கை முடிவு செய்பவை இன்னும் இரண்டு. ஒன்று கணவாய். முகட்டில் தாழ்ந்த இடம் எதுவோ அதை நோக்கியே சாலை செல்லும். கேப் ரோடு அங்கே அமைந்த காரணம் அதுவே. மற்றொன்று நீர். ஒவ்வோர் ஓடையையும் எங்கே கடப்பது, மழைநீரை எவ்வழியே விடுவது என்பதைப் பொறுத்தே சாலையின் ஆயுள் அமையும்.

இப்போதுள்ள வழியே ஆதியிலிருந்து இருந்த வழி என்று நினைத்துவிடலாகாது. கண்ணன் தேவன் மலைகளிலிருந்து தேயிலை வெளியேறிய முதற்பெரும் வழி கிழக்கு நோக்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. அதை மாடுகள் இழுத்தன. 1908-இல் அதற்கு மாற்றாக இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதை போடப்பட்டு இரயில் ஓடிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் மூலம் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. மேற்கு நோக்கியோ, கோதமங்கலத்திலிருந்து குட்டம்புழை, பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றுக்கு ஒரு சாலை இருந்தது. ராஜபாதை என்று இன்றும் மக்கள் வழங்கும் பழைய ஆலுவா–மூணாறு சாலை அது.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் மலையாள மக்கள் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். அவ்வெள்ளத்தில் மூணாற்று இரயில் அழிந்தது; மீண்டும் அது போடப்படவே இல்லை. மேற்கேயிருந்த பழைய சாலையும் மலைச்சரிவுகளால் அற்றுப்போயிற்று. அச்சாலையைத் திருத்துவதை விடுத்து, நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் வழியாகப் புதுச் சாலை அமைத்து 1931-இல் திறந்தனர்; நேரியமங்கலம் பாலம் 1935-இல் வந்தது. இன்றைய 85-இன் மேற்குப் பகுதி இவ்வாறு ஒரு வெள்ளத்தின் விளைவாகப் பிறந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானல் செல்லும் காட்டுவழியொன்றும் இருந்தது. எஸ்கேப் ரோடு எனப்பட்ட அது 1990-இல் மூடப்பட்டது. இவ்வாறு பழைய வழிகள் ஒவ்வொன்றாக மறைய, மலையின் பாரம் பெரும்பாலும் ஒரே சாலையின்மீது விழுந்தது.

அதன் விளைவை எங்கள் தலைமுறை கண்டது. மூணாறு–போடிமெட்டுப் பகுதியை அகலப்படுத்தும் வேலை 2017-இல் தொடங்கிற்று. 2019 அக்டோபரில் கேப் ரோட்டில் பாறையும் மண்ணும் பெருமளவில் சரிந்து, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 2020 ஜூனில் மீண்டும் சரிந்தது. தேயிலைச் சரிவுகளும் கீழேயிருந்த விளைநிலங்களும் பாறைக் குவியலுக்குள் மறைந்தன. சாலை அடைபட்ட நாட்களில் மூணாற்றுக்குச் செல்ல எங்களுக்கு இருந்த வழி, பூப்பாறைக்கு இறங்கி, ராஜகுமாரி, குஞ்சித்தண்ணி, ஆனச்சால் சுற்றிச் செல்வதுதான். 20 கிலோமீட்டர்ப் பயணம் இருமடங்குக்கும் மேலாயிற்று. நான் அப்போது மேனிலைப் பள்ளி மாணவன். என் சிற்றப்பா ஜீப் ஓட்டுபவர். தோட்டத்து நோயாளிகளை அவ்வழியே ஏற்றிச் செல்வார். பகற்கூலியில் பாதி ஜீப்புக்கே போய்விடுகிறது என்று வருந்தி, பல வீடுகளில் மருந்து வாங்குவதையே தள்ளிப்போட்டனர். சாலை அடைபடுவதால் நேரும் நட்டம் சரிந்த இடத்தோடு நிற்பதில்லை. அது எங்கள் அடுப்படி வரை வந்தது.

இதனினும் கொடியது பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6 இரவு அங்கே மலை சரிந்து 70 பேர் மடிந்தனர்; பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் செய்தி வெளியே வரப் பொழுது விடிந்துவிட்டது. செய்தி வந்த பின்னும், உடுமலைச் சாலையில் பெரியவரையிலிருந்த தற்காலிகப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் உதவிக்கு விரைந்தோர் தடைப்பட்டனர். ஒரே பாலத்தை நம்பியிருக்கும் ஊருக்கு அப்பாலம் போனபின் என்ன வழி என்ற கேள்வியை அவ்விரவு நம்முன் வைத்தது.

மலை ஏன் சரிகிறது? எங்கள் மலைகளின் அடியில் இருப்பது உறுதியான பாறைதான். ஆனால் அதன்மேல், சிதைந்து மண்ணான ஒரு போர்வை படிந்திருக்கிறது. பாறையிலும் வெடிப்புகள் உண்டு. ஒவ்வொரு சரிவும் தன் அடிப்பகுதியைத் தாங்கலாகக் கொண்டே நிற்கிறது. சாலையை அகலப்படுத்த அவ்வடியை வெட்டினால் தாங்கல் குறைகிறது; சரிவு செங்குத்தாகிறது. வெடி வைத்தால் பாறை வெடிப்புகள் தளர்கின்றன. மேலும், மண்ணின் துளைகளில் மழைநீர் நிறைந்து அழுத்தம் பெருகும்போது, மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றும் உராய்வு குறைகிறது. வெளியேற வழியின்றி நீர் தேங்குமாயின் சரிவு இறங்கிவிடும். ஆகவே மலைச் சாலைக்கு அகலத்தைக் காட்டிலும் இன்றியமையாதது வடிகால். வெட்டும் சரிவைப் படிப்படியாக வெட்டுவதும், ஓடைகளின் கீழ்ப்பாலங்களை மழைக்கு முன் தூர்வாருவதும், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டாதிருப்பதும் செலவு மிகுந்த வித்தைகள் அல்ல.

2024 தொடக்கத்தில் மூணாறு–போடிமெட்டுச் சாலை அகலமான சாலையாகத் திறக்கப்பட்டது. அதில் பஸ் விரைந்து செல்வது எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆயினும் 2025 அக்டோபரில் இதே 85-ஆம் எண் சாலையில், அடிமாலிக்கு அருகே கூம்பன்பாறையில் மண் சரிந்து வீடுகள் புதைந்து, ஒருவர் உயிரிழந்தார். அகலமான சாலை வேறு, அழியாத சாலை வேறு என்பதை இது காட்டுகிறது.

அப்படியாயின் பழைய ராஜபாதையை மீண்டும் திறக்கலாமே என்று கேட்கப்படுகிறது. ஏற்றம் குறைந்த வழி அது என்பது அதன் ஆதரவாளர் கூற்று. ஆனால் இடைப்பட்ட நூறாண்டில் அவ்வழியைக் காடு மீட்டுக்கொண்டது. யானைக்கும் பாதை உண்டு என்பதை எங்கள் ஊரைவிட நன்கறிந்த ஊர் இல்லை. ஆனையிறங்கல் என்ற பெயரே அதற்குச் சான்று. 2023-இல் சின்னக்கானலிலிருந்து பிடித்து அகற்றப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட பின் கம்பம் நகருக்குள் வந்ததையும், பின்பு களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் நண்பர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பார்கள். காட்டைப் பிளந்து போடும் ஒவ்வொரு புதுச் சாலையும் இச்சிக்கலை வளர்க்கும்.

என் கருத்து இதுதான்: புதுவழி தேடுமுன், இருக்கும் கிளைவழிகளைக் காக்க வேண்டும். ஆனச்சால்–குஞ்சித்தண்ணி–ராஜகுமாரி–பூப்பாறைச் சாலையும், பூப்பாறை–நெடுங்கண்டம்–குமுளிச் சாலையும், உடுமலைச் சாலையும் 85-க்குத் துணைகள். பெருஞ்சாலை அற்றுப்போகும் நாளில் மட்டும் அவற்றை நினைப்பதில் பயனில்லை. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே அவற்றின் பாலங்களும் வடிகால்களும் பார்வையிடப்பட வேண்டும். பெருஞ்சாலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு அவற்றுக்கும் செல்ல வேண்டும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் மூணாறு காணப் புறப்படுவோர் பலர் உங்களில் இருப்பீர்கள். போடி வழியே ஏறி வாருங்கள். வளைவுகளை எண்ணுங்கள்; வெட்டிய சரிவுகளில் நீர் கசியும் இடங்களைக் கவனியுங்கள்; பூப்பாறையில் இறங்கி ஒரு தேநீர் அருந்தி, எந்தச் சாலை எங்கே போகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் வழியை மட்டும் சொல்லமாட்டார். அது எந்த மழையில் அடைபட்டது, அன்று யார் எப்படிச் சுற்றிப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வார்.