கோபுரம் விழுந்த பிறகும் பேச

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியை 7.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் கட்டிடங்கள் சரிந்தன, செல்போன் சேவையும் முடங்கியது. உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் கையிலிருந்த போன் பயன்படவில்லை.

இந்தச் செய்தி ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் பால் கார்ட்னர்-ஸ்டீபனை உறுத்தியது. ஒவ்வொரு போனுக்குள்ளும் வைஃபை ரேடியோ இருக்கிறது. அப்படியானால் பக்கத்துப் போனுடன் பேச நடுவில் கோபுரம் எதற்கு? அவர் தொடங்கிய செர்வல் திட்டம், அதே ஆண்டு ஜூலையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்க்கரூலா பகுதியில் இதைச் சோதித்தது. மனித நடமாட்டம் குறைந்த அந்த மலைப்பகுதியில், கோபுரத்தின் துணையில்லாமல் போனிலிருந்து போனுக்கு அழைப்பு போனது.

வைஃபையின் எல்லை திறந்த வெளியில் சில நூறு மீட்டர்தான். அதைத் தாண்டவும் வழியுண்டு. தீப்பிடித்த வீட்டுக்குக் குடத்துத் தண்ணீரைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, இடையில் இருக்கும் போன்கள் செய்தியை வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஒருவர் நகர்ந்துவிட்டால் வேறொரு போன் வழியாகப் பாதை அமையும். ஆட்கள் கூடக்கூட எட்டும் தூரமும் கூடும்; பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

தடையாக நின்றது இயங்குதளம். கருவிகள் நேருக்கு நேர் இணையும் முறை 1997இல் வெளியான முதல் வைஃபை தரநிர்ணயத்திலேயே உண்டு. லேப்டாப்களிலும் அது இருந்தது. ஆண்ட்ராய்டு மட்டும் பயனாளர்களுக்கு அந்த வசதியைத் திறந்துவிடவில்லை. வேண்டுமென்றால் இயங்குதளத்தின் கட்டுப்பாட்டை உடைத்துப் போனை ‘ரூட்’ செய்ய வேண்டும், வாரண்டி போகலாம். சாதாரண மனிதர் எத்தனை பேர் அதற்குத் துணிவார்கள்? 2010இல் வந்த வைஃபை டைரக்ட் படம், வீடியோ அனுப்ப அருமையானது. ஆனால் அதில் ஒரு கருவி தலைமை ஏற்க, மற்றவை அதனுடன் இணைகின்றன. போன்விட்டுப் போன் தாவும் நீண்ட சங்கிலிக்காக அது வடிவமைக்கப்படவில்லை. உயிர் காக்கக்கூடிய ஒரு வசதியை இப்படி எட்டாத இடத்தில் வைத்தது பெரும் தவறு.

செர்வல் குழு மாற்றுவழி தேடியது. ‘மெஷ் எக்ஸ்டெண்டர்’ என்ற சிறு பெட்டியை உருவாக்கியது. போன்கள் வைஃபையில் அதனுடன் இணையும்; பெட்டிகள் தமக்குள் அதைவிட நெடுந்தூரம் செல்லும் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும்.

2025 ஜூலையில் ட்விட்டர் நிறுவனர்களுள் ஒருவரான ஜாக் டோர்சி வெளியிட்ட பிட்சாட் செயலியும் செய்தியைப் போன்விட்டுப் போன் கடத்துகிறது. அதற்கு இணையமோ சிம் கார்டோ தேவையில்லை. அது நம்பியிருப்பது ப்ளூடூத்தை. அதைவிடத் தொலைவு எட்டும் வைஃபையும் அதே போனுக்குள்தான் இருக்கிறது.