சமூக ஊடக அடிமைத்தனமும் மீளும் நெறியும்

மனிதன் ஆக்கிய கருவி மனிதனுக்கு ஏவல் செய்தல் முறை. அம்முறை தலைகீழாகிக் கருவி ஏவ மனிதன் பணிபுரியும் நிலையே அடிமைத்தனமாம். சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவோர் அனைவரும் அந்நிலையில் உள்ளோரல்லர். நிறுத்த விரும்பியும் நிறுத்த இயலாமை, கல்வியும் உறக்கமும் கெடுதல் அறிந்தும் தொடர்தல், கைத்தொலைபேசியைப் பிரிந்தவழி மனம் அமைதியிழத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படின் அஃது அடிமைத்தனத்தின் குறியாகும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில் மின்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. சமூக ஊடகப் பழக்கம் தனி நோயாக இடம்பெறவில்லை. எனினும் அதனால் விளையும் கேட்டை மறுத்தற்கில்லை.

இப்பழக்கத்திற்கு மனவுறுதியின்மையே காரணம் என்பாருளர். அக்கூற்று முழு உண்மையன்று. அமெரிக்க உளநூலறிஞராகிய பேர்ஸ்ரரும் ஸ்கின்னரும் புறாக்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளை 1957இல் நூலாக வெளியிட்டனர். சிறு வட்டமொன்றைக் கொத்தும் புறாவுக்கு, எத்தனையாவது கொத்துக்கு என்னும் வரையறையின்றி, இடையிடையே தானியம் வழங்கப்பட்டது. அப்புறா ஓயாது கொத்தியது. தானியம் நின்ற பின்னரும் நெடுநேரம் கொத்தியது. கிடைக்குமோ கிடையாதோ என்னும் ஐயமே உயிரைப் பெரிதும் பிணிக்கின்றது. சூதாடுவானைக் களத்தினின்று எழவிடாததும் இதுவே.

சமூக ஊடகமும் இவ்வியல்பையே பற்றி நிற்கின்றது. திரையை நகர்த்துந்தோறும், சுவையற்ற பலவற்றிடையே சுவையுள்ள ஒன்று எதிர்பாராது தோன்றும். முகநூல் 2009இல் புகுத்திய 'லைக்' என்னும் விருப்புக்குறி எப்பொழுது வரும், எத்தனை வரும் என்பதை எவரும் முன்னறியார். நூலுக்கு இறுதிப் பக்கம் உண்டு. 2006இல் அசா ராஸ்கின் வகுத்த முடிவிலாத் திரையோட்டத்திற்கு அஃதில்லை. நிற்குமிடம் இன்மையின் நிறுத்தும் எண்ணமும் எழுவதில்லை. பயன்படுத்துவோரின் காலத்தையும் கவனத்தையும் இயன்றவளவு கவர்வதே தொடக்க நோக்கமாயிருந்தது என்பதை முகநூலின் முதற் தலைவராயிருந்த சோன் பாக்கர் 2017இல் வெளிப்படையாகவே கூறினார்.

நோய் அமைப்பில் உள்ளதாயின் மருந்தும் அமைப்பிலேயே தொடங்குதல் வேண்டும். முதலாவது, அறிவித்தல்களை நிறுத்திவிடுதல்; அப்பொழுது நேரத்தைத் தெரிவது கருவியன்று, மனிதனே. இரண்டாவது, கற்கும்போதும் உறங்கும்போதும் கைத்தொலைபேசியை வேற்றறையில் வைத்தல். எழுந்து சென்று எடுக்கும் சிறு முயற்சியே சிந்திக்க இடந்தரும். மூன்றாவது, நாளில் ஒரு நேரத்தைக் குறித்து, அதன் முடிவையும் முன்னரே வரையறுத்தல். நான்காவது, மீட்ட பொழுதை வெறுமையாக விடாது விளையாட்டாலும் நூலாலும் நண்பர் கூட்டத்தாலும் நிரப்புதல். வெற்றிடத்தில் பழைய பழக்கம் எளிதிற் குடிபுகும். தொடக்க நாட்களில் மனம் அலையும். ஓரொருகால் தவறுதலும் நேரும். அதுபற்றித் தளர்ந்து முயற்சியைக் கைவிடுதல் தகாது.

நீண்ட நூலொன்றை இடையறாது கற்கும் ஆற்றலும், ஒரு வினாவை விடைகாணும்வரை விடாது பற்றும் ஆற்றலும் கல்வியின் அடிப்படைகள். அவற்றை இழந்தவனுக்கு ஆசிரியரும் நூலகமும் இருந்தும் பயனில்லை. ஆதலின் மாணாக்கர் தம் கவனத்தைக் காத்தலே கல்வியின் முதற்பாடமாகும். அப்பாடத்தை ஆசிரியரும் பெற்றோரும் சொல்லாலன்றித் தம் ஒழுக்கத்தாற் கற்பித்தல் வேண்டும்.