நாணற் பேனாவின் பெருமை

தில்லியிலும் ஐதராபாத்திலும் குடியேறியுள்ள நேயர்கள் கடைப் பலகைகளில் உருது எழுத்தை அடிக்கடி கண்டிருப்பர். ஒவ்வொரு சொல்லும் வலப்புறத்தில் மேலே தொடங்கி, இடப்புறத்தில் கீழ்நோக்கிச் சரிந்து இறங்கும். இந்த எழுத்துமுறைக்கு நஸ்தலீக் என்று பெயர். கணினி வருவதற்கு முன் உருதுச் செய்தித்தாள்களைக்கூடக் காதிபுகள் என்னும் எழுத்தர்கள் கையால் எழுதியே அச்சுக்குக் கொடுத்தனர்.

இதன் பிறப்பிடம் பாரசீகம்; உருப்பெற்ற காலம் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. திருக்குர்ஆனைப் படியெடுக்க நஸ்க் போன்ற பழைய முறைகளையே பெரும்பாலும் கையாண்டனர். நஸ்தலீக்கோ கவிதைச் சுவடிகளுக்கு உரியதாயிற்று.

கருவிகள் எளியவை. நாணலைச் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டி, நடுவே சிறு பிளவு இடுவர். விளக்குக் கரியையும் பிசினையும் சேர்த்து மை செய்வர். காகிதத்திற்குக் கஞ்சி ஏற்றி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். மெருகில்லாத தாளில் பேனா தடுக்கும். நூலிழைகளை இழுத்துக் கட்டிய அட்டையின் மேல் தாளை வைத்து அழுத்தினால், மையின்றியே வரித்தடம் பதியும். பேனா முனையை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே எழுத்துக்கு அளவுகோல். இன்ன எழுத்து இத்தனை புள்ளி உயரம், இன்ன வளைவு இத்தனை புள்ளி அகலம் என்று மாணவன் ஆண்டுக்கணக்கில் பழகுவான்.

இன்று ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத் நகரம் 15-ஆம் நூற்றாண்டில் இக்கலையின் தலைமையிடமாக விளங்கியது. அங்கு வாழ்ந்த சுல்தான் அலி மஷ்ஹதி, முதுமையில், 1514-இல், இக்கலைக்குச் செய்யுளிலேயே ஓர் இலக்கணம் இயற்றினார். மையும் பேனாவும் மட்டும் போதா, எழுதுபவனுக்கு மனத்தூய்மையும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்நகரத்து மற்றொரு மேதையான மீர் அலியின் கதை, ஊரை விட்டு வாழும் நம் போன்றோர் நெஞ்சைத் தொடுவது. 1529-ஐ ஒட்டி உஸ்பெக்குகள் ஹெராத்தைக் கைப்பற்றியபோது அவரைப் புகாராவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே அரசவையில் மதிப்புக்குக் குறைவில்லை. ஊர் திரும்பத்தான் வழியில்லை. தம் கைத்திறனே தம் காலுக்கு விலங்காயிற்று என்று அவர் நொந்து பாடியதாக ஒரு செய்யுள் வழங்குகிறது. புகாராவிலேயே அவர் மறைந்தார்.

முகலாயர் அவையில் இக்கலைக்கு இருந்த மதிப்பு நமக்கு வியப்பளிக்கும். சுவடியைத் திறந்ததும் நாம் தேடுவது ஓவியத்தை. அக்பரின் அமைச்சர் அபுல் ஃபசலோ எழுத்தையே ஓவியத்தினும் மேலாக வைத்தார். முகம்மது ஹுசைன் கஷ்மீரிக்கு 'ஜர்ரீன் கலம்', அதாவது 'பொற்பேனா' என்ற பட்டம் கிடைத்தது. 1595-இல் அக்பருக்காக நிஜாமியின் கவிதைகளைப் படியெடுத்த அப்துர் ரஹீமுக்கு 'அம்பரீன் கலம்' என்று பட்டம். அம்பர் மணக்கும் பேனா என்பது பொருள். இலண்டனில் உள்ள அச்சுவடியின் இறுதிப் பக்கத்தில் அவர் அமர்ந்து எழுதுகிறார். எதிரே ஓவியர் தௌலத் அவரைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் நிஜாமியின் பொருளை ஒருவாறு தமிழில் தந்துவிடலாம்; அப்துர் ரஹீமின் கையைத் தருவது எங்ஙனம்?

மீர் அலி ஊர் திரும்பவில்லை. அவர் எழுதிய தாள்கள் வெகுதூரம் பயணம் செய்தன. ஜஹாங்கீர் அவற்றை ஆவலோடு திரட்டி, ஓரங்களில் பொன்னால் சித்திரம் தீட்டச் செய்து, தொகுப்பேடுகளில் சேர்த்தார். அவற்றுள் புகழ்பெற்ற குல்ஷன் தொகுப்பேட்டின் பெரும்பகுதி இன்று தெஹ்ரானில், குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது.