இணையத்தின் வேகம் குறைவதேன்?

பெங்களூரில் வாழும் தமிழ் அன்பர்கள் பலருக்கு, மாலையில் ஊரிலுள்ள பெற்றோரைக் கணினித் திரையில் கண்டு பேசுவது அன்றாட வழக்கமாகிவிட்டது. பேச்சு இடையில் அறுந்து, முகம் சிலைபோல் உறைந்துவிட்டால், உடனே கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாற முற்படுகிறோம். ஆயினும், முகம் பார்த்துப் பேசுவதற்குச் சில மெகாபிட்டுகளே போதும். ஆதலின் குறை வேறிடத்தில் இருத்தல் கூடும்.

முதலில் அளவையை அறிதல் வேண்டும். நிறுவனத்தார் வேகத்தை மெகாபிட்டில் கூறுவர். கோப்பு இறங்கும் வேகத்தைக் கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே, 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் அது குறையன்று.

அடுத்தது கேபிள். கணினியை ரவுட்டருடன் இணைக்கும் கேபிளினுள் 8 செம்புக் கம்பிகள் 4 இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட்டுக்கு 2 இணைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு இணையில் ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு பெரும்பாலும் நிற்பதில்லை. ஓசையின்றி 100க்கு இறங்கிவிடும். 300க்குப் பணம் செலுத்துவோர் மூன்றிலொரு பங்கே பெறுவர். கதவிடுக்கில் நசுங்கிய கேபிளோ செய்திகளை வழியிலேயே சிதைக்கும். முகம் உறைவது அதனாலும் நேரும்.

கணினியின் நெட்வொர்க் அமைப்பில் 'லிங்க் ஸ்பீட்' 100 என்றிருப்பின், வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். பயனில்லையேல், ரவுட்டரும் கணினியும் 1000க்கு ஏற்றவையா என்று நோக்குங்கள். அதன் பின்னும் குறை நீடித்தால், பிற கருவிகளை நிறுத்தி வேகத்தை அளந்து, நாளும் நேரமும் குறித்து நிறுவனத்தாரிடம் முறையிடுங்கள். சிறு கேபிளொன்றின் பழுதுக்காக மாதந்தோறும் மிகுபணம் செலுத்துவானேன்?