தாத்தாவுக்குத் தெரியலைன்னா அது கேள்வியா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கோடிங்குக்கு லீவு. சின்னப் பசங்களுக்குக் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுன்னு பேசப் போறோம். காரணம், நான் தப்பாச் சொல்லிக் கொடுத்ததால எங்க அக்கா பொண்ணுக்கு நோட்டுல ஒரு சிவப்பு வட்டம் விழுந்துச்சு.

என்ன நடந்துச்சு?

எங்க ஊர் தஞ்சாவூர் மாவட்டம், பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயோட கடைமடை. மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணி கல்லணைக்கு வந்து, கால்வாய்ல இறங்கி, கடைசியாத்தான் எங்களுக்கு வரும். அதனால ஜூன் மாசம் எங்க வீட்டுல ஒரே பேச்சுதான்: தண்ணி.

பாப்பா ரெண்டாங் கிளாஸ். கேள்விக்குறி எங்க போடணும்னு கேட்டா. நான் இன்ஜினியர் மூளையோட ஒரு ரூல் கொடுத்தேன்: "யார், என்ன, எங்கே, எப்போது வந்தா கேள்விக்குறி. அவ்ளோதான்." மறுநாள் கட்டுரையில அவ எழுதினது:

தண்ணீர் எப்போது வரும் என்று தாத்தாவுக்குத் தெரியவில்லை?

டீச்சர் அந்தக் குறியைச் சுழிச்சிட்டாங்க. பாப்பா என்கிட்ட வந்து, "தாத்தாவுக்குத் தெரியலைன்னா அது கேள்விதானே மாமா?"ன்னா. நான் கொஞ்ச நேரம் பேசல.

பக் எங்க இருக்கு?

தமிழ்ல கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கு. நன்னூல் இதை அழகா வகுத்திருக்கு: எ, யா ரெண்டும் சொல்லோட முதல்ல வரும்; ஆ, ஓ கடைசியில வரும்; ஏ ரெண்டு இடத்துலயும் வரும். "எங்கே", "யார்" முதல் வகை. "வந்தானா", "அவனோ" ரெண்டாவது வகை. குறியே இல்லைன்னாலும் "வந்தானா" கேள்விதான்.

அதனாலதான் நம்ம ஓலைச்சுவடிகள் இந்தக் குறிகள் எதுவும் இல்லாமலே ஓடிச்சு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துல சுவடிகளைப் பாருங்க. வரி நெருக்கமா ஓடும், பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இருக்காது. கும்பகோணம் கல்லூரியில தமிழ் ஆசிரியரா இருந்த உ.வே.சா., 1887-ல சீவக சிந்தாமணியை அச்சிடுறதுக்கு முன்னாடி இப்படிப்பட்ட ஏடுகளோடதான் மல்லுக்கட்டினார். ஐரோப்பிய அச்சுல இருந்து வந்த நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில ஊன்ற வெச்ச முன்னோடின்னு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் (1822–1879) சொல்றோம். அதாவது, குறி நமக்குப் பின்னாடி வந்த விருந்தாளி. கேள்வி வீட்டுக்காரர்.

அப்போ எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

முதல்ல காதுக்கு. நான் மூணு வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன்:

தண்ணி வந்துருச்சு.
தண்ணி வந்துருச்சு?
தண்ணி வந்துருச்சு!

எழுத்து ஒண்ணுதான், குரல் மூணு. முதலாவது தகவல். ரெண்டாவது, வாய்க்கால் கரையில நிக்கிறவர்கிட்ட தாத்தா போன்ல கேக்கிறது. மூணாவது, நாத்து விட்டுட்டுக் காத்திருக்கிற வீட்டுக்கு ஒரு போகம். "வந்துருச்சா"ன்னு 'ஆ' இருந்தா குறி வெறும் துணைதான். 'ஆ' இல்லாம குரலாலேயே கேக்கும்போது குறி மட்டும்தான் கேள்வி. பாப்பா இதை ரெண்டே நிமிஷத்துல பிடிச்சிட்டா.

அடுத்து ஒரு டெஸ்ட்: இதுக்கு யாராவது பதில் சொல்லணுமா? "தண்ணீர் எப்போது வரும்?" – பதில் வேணும், குறி போடு. "எப்போது வரும் என்று தெரியவில்லை" – இது தாத்தாவோட நிலைமையைச் சொல்லுது, யாரையும் கேக்கல. முற்றுப்புள்ளி. "யார் வந்தாலும் சோறு போடு" – இங்கயும் 'யார்' இருக்கு, கேள்வி இல்ல. என் பழைய ரூல் இங்கெல்லாம் விழுந்துடும்.

ஆச்சரியக்குறிக்கு அந்தப் பேரே குழந்தையைக் கொஞ்சம் குழப்பும். பயம், அழுகை, சந்தோஷம் எல்லாத்துக்கும் அது வரும். அதனால 'உணர்ச்சிக்குறி'ன்னு சொல்லுங்க. ஒருத்தரைக் கூப்பிடுறப்பவும் அதே குறிதான், அப்போ அதுக்குப் பேர் விளிக்குறி. டெஸ்ட்: முகத்தை அசைக்காம இதைச் சொல்ல முடியுமா? முடிஞ்சா குறி வேண்டாம். முடியலைன்னா ஒண்ணு போதும். நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் மாதிரி ஏழு வேண்டாம்.

கடைசியா

நான் லீவு முடிஞ்சு சென்னை வந்துட்டேன். தினமும் அப்பாவுக்கு "தண்ணி வந்துருச்சு?"ன்னு மெசேஜ். தினமும் "இன்னும் இல்லை." ஒரு நாள் காலையில அக்கா போன்ல இருந்து பாப்பா அனுப்பினா:

மாமா! தண்ணி வந்துருச்சு!

முதல் குறி என்னைக் கூப்பிட்டதுக்கு. ரெண்டாவது தாத்தாவுக்காக. ரெண்டும் சரி.

உங்க வீட்டுக் குட்டீஸ் எந்த வாக்கியத்துல மாட்டிக்கிறாங்க? எழுதி அனுப்புங்க. இதுக்குப் பதில் வேணும், அதான் குறி போட்டிருக்கேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.